பழைய வீடு நிற்கும் நிலம்

நமெரிகாவா,
ஆகஸ்ட் 27

பேரன்புள்ள மச்சான் இவாவோ அவர்களுக்கு,

தெய்ஜி வணக்கத்துடன் எழுதுவது. முன்னோரை வணங்கும் ஓபோன் விடுமுறை முடிந்தும் வெயில் ஊரைவிட்டுக் கிளம்புவதாக இல்லை. தகாயாமா மலைமேல் இருப்பதால் உங்களுக்கு இந்தப் புழுக்கம் இருக்காது என்று நம்புகிறேன். உங்கள் முழங்கை வலி, அக்காவின் ரத்த அழுத்தம், நாயின் கண் மூன்றும் இப்போது தேவலையா? நீங்கள் அனுப்பிய தக்காளிப் பெட்டி வந்து சேர்ந்தது. இருபத்து நான்கில் இரண்டு நசுங்கியிருந்தன. குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் அலுமினிய ஜன்னல் தொழிற்சாலையில் தரம் பார்த்தவனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உங்கள் கையால் கட்டிக்கொடுத்த இந்த வீட்டை விற்பது என்று முடிவு செய்துவிட்டேன். பனி விழுவதற்குள் விற்றாக வேண்டும். வீடாக விற்க வேண்டும். இதில் மாற்றமில்லை. இதற்கு உங்களிடமிருந்து ஒரே ஒரு காகிதம் தேவைப்படுகிறது. அது என்ன காகிதம் என்பதை முறையாகச் சொல்ல வேண்டுமானால் ஜூலை மாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று குளிர்காலமாக உங்கள் தங்கை ஃபுசாயே ஒரே பாட்டுத்தான். தொயாமா நகரத்தில் டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நாலாவது மாடியில் ஓர் அடுக்குமாடி வீடு, அங்கே பனி அள்ளுவது வேறு யாருடைய வேலையோ, நம் வேலை இல்லை, அங்கே போய்விடலாம் என்று. நான் பிடிகொடுக்கவில்லை. மச்சான் கட்டிய வீட்டிலிருந்து என்னைப் பெட்டியில் வைத்துத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். போன ஜனவரியில் அவள் வாசலில் பனி அள்ளும்போது வழுக்கி விழுந்து நாற்பது நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் உள்ளே தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்து சுமோ பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன். அந்த நாற்பது நிமிஷம் என் மனசைவிட்டுப் போகவில்லை, ஆனாலும் வீட்டை விற்கச் சம்மதிக்கவும் வாய் வரவில்லை. ஜூலையில் ஒரு நாள் அவள், "விக்க வேண்டாங்க. விலை மட்டும் கேட்டுப் பாருங்க. கேக்கறதுக்குக் காசா பணமா?" என்றாள். கேட்பதில் என்ன இருக்கிறது என்று நானும் கணினியைத் திறந்தேன்.

அங்கே ஒரு பக்கம் இருந்தது. ஒரே விண்ணப்பம், ஆறு தரகு நிறுவனங்கள், இலவச மதிப்பீடு. நான் எல்லாக் கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பினேன். மாற்றுத் தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் எனக்குப் பிடிக்காது, ஆகவே உங்கள் எண்ணை எழுதினேன். ஜூலை ஒன்பதாம் தேதி உங்கள் வீட்டுத் தொலைபேசி காலை முழுவதும் அலறியிருந்தால் அதற்கு நான்தான் காரணம், மன்னிக்கவும். நீங்கள் காதுக் கருவியைக் கழற்றி அரிசி டப்பா மேல் வைத்திருப்பீர்கள், ஒன்றும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பொத்தானை அழுத்திய விரலை எடுக்கவில்லை, வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது. அதை எடுத்தால் என் கைபேசி. அதையும் எடுத்தால் ஃபுசாயேயின் ஏப்ரனுக்குள்ளிருந்து இன்னொன்று. அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நம்ம வீட்டுக்கு இவ்ளோ கிராக்கியா?" என்று கேட்டாள். ஒரு காதில் ஒருவர், மறு காதில் ஒருவர், இருவரும் ஒரே நேரத்தில் எப்போது வந்து பார்க்கலாம் என்கிறார்கள். பொறுக்க முடியாமல் இரண்டு தொலைபேசியையும் வாயோடு காது வைத்து மேஜைமேல் படுக்க வைத்துவிட்டேன். அவர்கள் பழைய அலுவலக நண்பர்களாம். பத்து நிமிஷம் குசலம் விசாரித்துக்கொண்டார்கள்.

ஆறு பேரில் மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் கூர்மையான ஷூ போட்டிருந்தார். அந்த ஷூவைக் கழற்றவே இல்லை. வாசலில் நின்று கூரையை ஒரு பார்வை பார்த்து, "ரெண்டு கோடி யென், கண்ணை மூடிட்டு வாங்கித் தரேன் ஐயா" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கணக்கைக் காட்டுங்கள் என்றேன். அனுபவம் என்றார். எந்த வீட்டோடு ஒப்பிட்டீர்கள் என்றேன். மறுபடியும் அனுபவம் என்றார். ஆறு மாதத்துக்கு வேறு யாரிடமும் பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினார். அளக்காமல் எண் சொல்பவனைத் தொழிற்சாலையில் நான் வாசலுக்குள்ளேயே விட்டதில்லை. இரண்டாம் ஆள் கையிலிருந்த கணினிப் பலகையில் நம் முகவரியைத் தட்டினார். அது மூன்று நொடி யோசித்து நிலத்துக்கு ஒரு தொகையும் வீட்டுக்குப் பூஜ்யமும் காட்டியது. "மெஷின்ல கோளாறா?" என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா, மரவீட்டுக்கு ஆயுசு இருபத்திரண்டு வருஷம். உங்களுது முப்பத்திமூணு. எந்த மெஷின்ல போட்டாலும் இதான் வரும்" என்று சிரித்தார். அவருக்கு நான் தேநீர் கொடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் குராமொச்சி என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்குள் போடும் செருப்பைத் தானே பையில் கொண்டுவந்திருந்தார். டார்ச், அளவு நாடா, ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு. வரவேற்பறைத் தரையில் மண்டியிட்டு அந்தக் கோலியை வைத்துக் கையை எடுத்தார். மச்சான், அது அசையவில்லை. எட்டு அறையிலும் வைத்துப் பார்த்தார். எங்கும் அசையவில்லை. முப்பத்திமூன்று வருஷத்துப் பனிபாரம் தாங்கிய வீடு. "கட்டினவர் யாரு?" என்று கேட்டார். சொன்னேன், உங்கள் பெயரை முழுசாகச் சொன்னேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, கேட்டே ஆக வேண்டிய கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பீடிகை போட்டு, "இந்த வீட்டுக்குள்ள யாராவது அசம்பாவிதமா இறந்திருக்காங்களா?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன். "இவரு இன்னும் ஒரு குளிர்காலம் இழுத்தாருன்னா எழுதிக்கிற மாதிரி ஒண்ணு நடக்கும்" என்றாள் உங்கள் தங்கை. இரண்டு பெண்களும் சிரித்தார்கள். போகும்போது வாசலில் நின்று அரைமணி நேரம் பேசினார்கள். மாடியிலிருந்து பார்த்தேன். என்ன பேச்சு என்று கேட்டால், முள்ளங்கி ஊறுகாய் என்றாள்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. பதினான்கு பக்கம், தைத்த அட்டை. நான் பார்த்த மதிப்பீடுகளில் வேலை தெரிந்தவர் செய்தது இது ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுற்றுவட்டாரத்தில் சமீபத்தில் விற்ற மூன்று இடங்களை அ, ஆ, இ என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். வெயில் வந்தால் கூட்டல் மூன்று. தெரு அகலமாக இருந்து பனி ஒதுக்கும் வண்டி நுழைய முடிந்தால் கூட்டல் இரண்டு. ரயில் சத்தம் கழித்தல் மூன்று. மனை கோணலாக இருந்தால் கழித்தல். பிறகு நம் மனைக்கும் மதிப்பெண் போட்டு, அந்த மூன்றோடு ஒப்பிட்டு, ஒரு தொகை. நிலம் எண்பது லட்சம் யென். இதுவரை சரி. ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினால் வீட்டின் மதிப்பு என்ற கட்டத்தில் பேனாவால் பூஜ்யம். அதற்குக் கீழே இடித்து அகற்றும் செலவு இருபத்து நான்கு லட்சம், கழிக்கவும். முதல் பக்கத்தில் சொத்தின் வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? பழைய வீடு நிற்கும் நிலம். மழைக்கு ஒதுங்கின ஆள் மாதிரி நம் வீடு அந்த நிலத்தில் சும்மா நிற்கிறதாம்!

எனக்கு வந்த கோபத்தில் அன்று மதியம் சோபா நூடுல்ஸ் இறங்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பூஜ்யம் போட்ட கட்டத்தில் வெள்ளைத் திருத்த நாடா ஒட்டியிருந்தது. ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நாடாவுக்கு அடியில் முதலில் ஒரு படுக்கைக் கோடு தெரிந்தது, மற்றது தெரியவில்லை. கழித்தல் குறி! முதலில் பூஜ்யத்துக்கும் கீழே போட்டிருக்கிறார், அப்புறம் மனசு கேட்காமல் பூஜ்யமாக ஏற்றியிருக்கிறார். "பாத்தியா இந்த அநியாயத்தை?" என்று ஃபுசாயேயிடம் காட்டினேன். அவள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது, பாவம். பிறகு துண்டை எடுத்துவிட்டு, "விவரம் தெரிஞ்சவங்க போட்டது. உங்களால ஆகாத காரியம், விட்டுடுங்க" என்றாள்.

மச்சான், இந்த வாக்கியத்தை இதுவரை ஐந்து முறை கேட்டுவிட்டேன். நாற்பத்து நான்கு வருஷத்துக்கு முன் இதே வாயால்தானே, "எங்க அண்ணன் ஒத்துக்கவே மாட்டாரு, உங்களால ஆகாது, விட்டுடுங்க" என்றாள்? அன்று தகாயாமாவுக்கு ஏழு முறை வந்து உங்கள் வாசலில் நின்றவன் நான். ஏழாவது முறை நீங்கள் சரி என்று சொல்லவில்லையா? அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன். இந்த வீட்டை விற்றே தீருவது, வீடு என்றே விற்பது. கட்டத்தில் ஒரே ஒரு யென் போட்டாலும் போதும், பூஜ்யம் கூடாது.

மறுநாளிலிருந்து சைக்கிளை எடுத்தேன். அ, ஆ, இ மூன்றையும் நேரில் பரிசோதிப்பது என்று. அ என்ற இடத்தில் வீட்டை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. இ என்ற வீட்டில் இளம் தம்பதி குடிவந்திருந்தார்கள். வாசலில் தெருவின் அகலத்தை நாடா வைத்து அளந்துகொண்டிருந்தேன், அந்தப் பெண் ஓடிவந்து, "அப்பாடா, நகராட்சியிலேர்ந்து கடைசியா ஒருத்தர் வந்தீங்களே!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, எதிர்வீட்டுப் பூனை என்று ஒரு மணி நேரம். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதியதைத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, நகராட்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன வாரம் சாக்கடையைச் சுத்தம் செய்துவிட்டார்கள். அந்தத் தெருவில் இப்போது எனக்கு நல்ல பெயர்.

ஆ என்ற இடத்தில்தான் புதையல் கிடைத்தது. எதிரே முடிதிருத்தும் கடை. முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். "அந்த மனையா? ஐயோ, அது அடிமாட்டு விலை. சித்தப்பா தன் அண்ணன் மகனுக்கே குடுத்தாரு. பாதி விலை காசு, மீதி விலை பாசம்" என்றார் கடைக்காரர். உறவுக்குள் கைமாறிய விலையை வைத்து என் நிலத்தை அளப்பதா? கழுத்துத் துணியோடு எழுந்துவிட்டேன். அப்படியே நேராகக் குராமொச்சி அம்மாளின் அலுவலகம். அவர் பத்திரப் பதிவை விசாரித்துவிட்டு எழுந்து நின்று குனிந்து வணங்கினார். "இது என் தப்பு ஐயா. சத்தியமா தெரியாது. தன்னோட நாப்பது வருஷத் தொழில்ல, வீடு விக்க வந்தவங்கள்ல இதைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான்னு எங்க மேனேஜரே சொல்றாரு" என்றார். ஆ நீக்கப்பட்டது. வேறோர் இடம் சேர்ந்தது. நிலம் எண்பத்தாறு லட்சம் ஆனது. ஃபுசாயேயிடம் சொன்னேன். "அது நிலம்தானே. வீடு பூஜ்யம்தானே?" என்றாள்.

அடுத்தது கல்லறை. நம் வீட்டுக்குத் தெற்கே கோயில் கல்லறை இருப்பதால் கழித்தல் ஐந்து போட்டிருந்தார்கள். நான் குராமொச்சி அம்மாளை மாடிக்கு அழைத்துப்போய் ஜன்னலைத் திறந்தேன். "தெக்கால இருக்கற குடும்பங்க எதுவும் இனிமே மாடி எடுக்கப் போறதில்ல. வெயிலை மறைக்கப் போறதில்ல. ராத்திரி கரோகே பாடறதில்ல. குப்பையைத் தப்பான கிழமைல வைக்கறதில்ல. இதைவிட நல்ல அக்கம்பக்கம் எங்க கிடைக்கும்னு எழுதுங்க" என்றேன். அவர் ஜன்னலில் சாய்ந்து கற்களை எட்டிப் பார்த்தார். "வருஷத்துல ரெண்டு தடவை ஊதுவத்திப் புகை வருமே ஐயா?" என்றார். வரும் என்று ஒப்புக்கொண்டேன். கழித்தல் இரண்டு என்று முடிவானது.

வீட்டுக்கு மட்டும் மசியவில்லை. நான் முப்பத்திமூன்று வருஷத்தில் கூரை ஓடு மாற்றிய ரசீது, ஜன்னல்களை நானே எங்கள் தொழிற்சாலையின் முதல் தர ஜன்னல்களாக மாற்றிய ரசீது, கரையான் மருந்து அடித்த ரசீது எல்லாவற்றையும் தேதிவாரியாகத் தைத்துக் கொடுத்தேன். "எனக்கு எழுபத்தோரு வயசு. உங்க பட்டியல்ல எனக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டேன். குராமொச்சி அம்மாள் பதில் சொல்லுமுன், "அவரு எப்பவோ பூஜ்யம். அகற்றும் செலவுதான் பாக்கி" என்றாள் ஃபுசாயே. இந்த வீட்டில் பாதி உங்கள் அப்பா அவளுக்கு விட்டுப்போன பங்கில் கட்டியது, அந்தப் பாதி அவள் பெயரில் இருக்கிறது, ஆகவே அவள் பேச உரிமை உண்டு. ஆனால் சமயம் பார்த்துப் பேசலாம்.

கடைசியில் குராமொச்சி அம்மாள் ஒரு வழி சொன்னார். பணி நிறைவுச் சான்றிதழ் இருந்தால், அதாவது கட்டி முடித்ததும் நகராட்சி ஆள் வந்து பார்த்துச் சரி என்று முத்திரை போட்ட காகிதம் இருந்தால், ரசீதுகளோடு சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி வகையை மாற்றலாமாம். பழைய வீடு நிற்கும் நிலம் என்பதை அடித்துவிட்டு வீடு என்று எழுதலாமாம். கட்டத்தில் எண் வருமாம். ஒரு பிரச்சினை. அந்தக் காலத்தில் பாதிப் பேர் அந்தக் காகிதத்தை வாங்கவே இல்லையாம். நம் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். நவம்பர் மாதம், நகராட்சி ஆள் வந்து காயாத சுவரில் கையை ஊன்றிவிட்டார், நீங்கள் அவரைத் தெருமுனை வரைக்கும் திட்டிக்கொண்டே போனீர்கள். முத்திரை போட்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கை இன்னும் இருக்கிறது. செருப்பு அலமாரியை நகர்த்தி அம்மாளுக்குக் காட்டினேன், ஐந்து விரலும் தெளிவாக.

"அதிகாரி வந்து பாத்ததுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றேன்.

"கை இருக்கு ஐயா. முத்திரை இல்லியே."

"அரசாங்கக் கைதானே?"

"அரசாங்கக் கைதான். சுவத்தைப் பேத்தா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பறது?"

"ஆகாதுன்னுட்டாங்கல்ல, விடுங்க" என்றாள் ஃபுசாயே. ஐந்தாவது முறை.

ஆகவே மச்சான், உங்கள் கொட்டகை, கருவிப் பெட்டி, அக்காவின் பீரோ, பழைய நாட்காட்டிகளுக்குப் பின்னால் எல்லா இடமும் தேடுங்கள். ஏணியில் ஏற வேண்டாம், யாரையாவது ஏற்றுங்கள். காகிதம் பழுப்பாக, இரண்டாக மடித்து, மூலையில் வட்ட முத்திரையோடு இருக்கும். நவம்பருக்குள் வர வேண்டும். ஃபுசாயே இன்னொரு தடவை அந்த வாசலில் பனிக்குள் உட்காரக் கூடாது. நீங்கள் கட்டிய வீட்டை ஒருவன் பூஜ்யம் என்று சொல்வதை நான் கேட்டுக்கொண்டு இருக்கவும் மாட்டேன். கோலி அசையவில்லை மச்சான், எட்டு அறையிலும் அசையவில்லை.

அக்காவுக்கு எங்கள் அன்பு. வெயில் தணியும்வரை தண்ணீர் நிறையக் குடியுங்கள். இந்த வருஷமும் எல்லோரும் நோய்நொடியில்லாமல் இலையுதிர்காலத்தைப் பார்க்க வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை கணவன்,
மெகாதா தெய்ஜி

பின்குறிப்பு: அண்ணா, நான் ஃபுசாயே. அஞ்சல்தலை ஒட்டச் சொல்லி இவர் கடிதத்தைக் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். எங்கும் தேட வேண்டாம். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. நம் வழக்கப்படி மகளின் தொப்புள்கொடியைப் பத்திரமாக வைத்த மரப்பெட்டியில் முப்பத்திமூன்று வருஷமாக, முத்திரையோடு. குராமொச்சி அம்மாள் கோலியை வைத்துப் பார்த்த அன்றே அவருக்குக் காட்டிவிட்டேன். அவர் முதலில் வீட்டுக்குப் போட்ட தொகை முழுசாகப் பதினெட்டு லட்சம். நாடாவுக்கு அடியில் இவர் பார்த்த படுக்கைக் கோடு கழித்தல் குறி இல்லை, அந்தத் தொகையின் முதல் எழுத்து; நம் ஜப்பானிய எழுத்தில் ஒன்று என்று எழுதுவதும் அதே படுக்கைக் கோடுதானே. நான்தான் கெஞ்சி அதை மறைத்துப் பூஜ்யம் போடச் சொன்னேன். பதினெட்டு லட்சம் என்று தெரிந்திருந்தால், "இவ்வளவு நல்ல வீட்டை எதுக்கு விக்கணும்" என்று கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். எனக்கு முழங்கால் இன்னொரு குளிர்காலத்துக்குத் தாங்காது அண்ணா. சொல்லி அழ எனக்குத் தெரியாது, இதுதான் தெரியும்.

வாங்க ஆள் தயார். கல்லறையில் தாத்தா பாட்டி இருக்கும் ஓர் ஆசிரியர் தம்பதி. இடிக்க மாட்டார்கள், சுவரில் பதிந்த அந்தக் கையைக்கூட அப்படியே விடுவார்களாம். ஓய்வு பெற்ற பிறகு இவர் இப்படிச் சைக்கிளில் சுற்றி, நாலு பேரோடு பேசி, நன்றாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, அதனால் இன்னும் ஒரு மாதம் விட்டுவைக்கிறேன். பிறகு அந்தக் காகிதத்தை பேட்டரி வைக்கும் இழுப்பறையில் போட்டுவிட்டு டார்ச்சில் இருக்கும் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். கண்டுபிடித்ததும் முதலில் உங்களுக்குத்தான் தொலைபேசியில் சொல்வார். அன்றைக்கு மட்டும் காதுக் கருவியை மாட்டிக்கொண்டிருங்கள். கேட்டதும் நம்ப முடியாத மாதிரி கொஞ்சம் யோசியுங்கள், எப்படிச் சாதித்தீர்கள் என்று இரண்டு தடவை கேளுங்கள். உங்களுக்குப் புதிதா என்ன? முதல் நாளே எனக்குச் சம்மதம் சொல்லிவிட்டு, ஏழாவது தடவை அவர் வந்து நின்றபோது, அவ்வளவு நேரம் யோசித்துச் சரி என்றவர்தானே நீங்கள்.